அழிக்கக் கூடாது என்று எழுதிய தாள்

அன்புள்ள அண்ணை,

இன்று காலை சந்தனக் கட்டையைக் கல்லில் உரைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் நினைவு வந்தது. குருநகரில் பிறந்து, ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போன உங்களுக்கும் எங்கள் சரஸ்வதி பூசைச் சந்தனத்துக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால், நான் எங்கள் வீட்டுப் பழைய கணினியைத்தான் காட்டவேண்டும். அதன் பெட்டியில் ஒரு பொட்டு வைத்தேன். பூ வைத்தேன். பிளக்கை மட்டும் கழற்றவில்லை. “அம்மாளுக்குப் பூவை வையுங்கோ, சந்தனத்தை வையுங்கோ, வயரிலை மட்டும் கை வைக்காதேங்கோ” என்று நீங்கள் சொன்னது அப்படியே காதில் கேட்டது.

நீங்கள் போய் எட்டு மாதம். இன்னும் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை என்பது இந்த எட்டு மாதமும் என்னை உறுத்துகிறது. உங்கள் செத்த வீட்டில் பலர் பேசினார்கள். நல்ல மனிதர், அமைதியானவர், பள்ளிக்கூடத்துக்கு உழைத்தவர் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குத் தெரிந்த உங்களை யாரும் சொல்லவில்லை. நானும் எழுந்து சொல்லவில்லை. சொல்வதற்கு முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவ்வளவு பேர் நடுவில் அது என்னால் முடியாது. ஆகவே இப்போது எழுதுகிறேன்.

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவள் போய், ஆண்டுத் திவசமும் முடிந்த பின் வந்த முதல் நவராத்திரி. துடக்கு வீடு என்று முந்திய ஆண்டு எதுவும் செய்யவில்லை. இந்த முறை செய்யவேண்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் அவள் செய்தபடியே செய்தேன். கடைசி மூன்று நாளும் கணினிக்கு ஓய்வு என்பது அவள் வைத்திருந்த வழக்கம். பிளக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டி, வெள்ளைத் துணி போர்த்து, பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். “அதுவும் படிச்ச சாமான்தானே, அதுக்கும் மூண்டு நாள் விடுதலை குடுங்கோ” என்பாள். நானும் அப்படியே துணி போர்த்தேன்.

விஜயதசமியன்று காலை துணியை எடுத்து, பிளக்கைப் போட்டு, கணினியை முடுக்கினேன். அது எழும்பியது. இணையப் பக்கங்களைத் திறக்கும் உலாவியும் திறந்தது. ஆனால் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும், ‘இந்த இணைப்புப் பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்து வழி மறித்தது. ஒரு பக்கம் இரண்டு பக்கம் அல்ல. பத்திரிகை, வங்கி, மின்னஞ்சல், எல்லாம்.

எனக்கு மற்றவற்றைப் பற்றிக் கவலையில்லை. மின்னஞ்சல்தான். அதுவும் என்னுடையதல்ல, அவளுடையது.

இதை அப்போது உலகத்தில் ஒருவருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை, நோர்வேயில் இருக்கும் மகளுக்குக்கூட. முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் வேலை செய்தவள் என் மனைவி. ஓய்வு பெற்ற பின் மகள் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் கணக்குத் திறந்து, தமிழில் தட்டச்சு செய்யவும் பழக்கிவிட்டாள். அவள் அதில் கடிதம் அனுப்பியதைவிட, அனுப்பாமல் வைத்ததுதான் அதிகம். நினைவுக் குறிப்புகளை எல்லாம் யாருக்கும் அனுப்பாத வரைவுகளாக எழுதி வைப்பாள். ‘வெள்ளிக்கு முதல் கதலிக் குலை வெட்டுவிக்க வேண்டும்.’ ‘பிள்ளையிடம் கேட்க: நோர்வே பனியில் சப்பாத்து வழுக்காதா?’ ‘இவருக்கு இனிப் பச்சைச் சேட்டு வாங்கக் கூடாது. வாழை மரம் நடந்து வருவது போல இருக்கு.’ அவள் போன பிறகு ஒருநாள் தற்செயலாகத் திறந்து இவற்றைக் கண்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் தேத்தண்ணீரோடு இருந்து ஒன்றிரண்டு வாசிப்பேன். வாசித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அந்தக் கணக்கின் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. இந்த ஒரு கணினியில், இந்த ஒரு உலாவியில், அவள் கடைசியாக உள்ளே போனது போனபடியே திறந்து கிடந்தது. கடவுச்சொல் மறந்தால் அவளுடைய கைபேசி இலக்கத்துக்கு ஓர் எண் வருமாம். அந்த இலக்கத்தை நான்தான் அவள் போன ஆறாம் மாதம் நிறுத்துவித்தேன். ஆக, அந்த உலாவி மறந்துவிட்டால் அந்த வீட்டுக்குள் போக வேறு வழி கிடையாது.

மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். “அப்பா, அது பழைய பிறவுசர். உள்ளை இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடுங்கோ. ரெண்டு பட்டன்தான்” என்றாள். “பாப்பம்” என்றேன். அவள் என் பயத்தை அறியாள். இணைய நிறுவனத்துக்கு எடுத்தேன். அங்கேயும் அதே பதில். எல்லோரும் எனக்குச் சொன்ன மருந்து ஒன்றே ஒன்று: அழி.

அழிக்காமல் என்னென்ன செய்யலாமோ அத்தனையும் ஒரே நாளில் செய்தேன். உலாவியின் தலையில் தொங்கிய பட்டைகளைக் கழற்றினேன். நச்சுநிரலைப் பிடிக்கும் மென்பொருளை நிறுத்தினேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். வேறோர் உலாவியையும் கணினியில் இறக்கினேன். அதுவும் அதே எச்சரிக்கையை வேறு நிறத்தில் தந்தது. திரையின் மூலையில் மணிக்கூடு பிழையாக இருந்தது. என் கைமணிக்கூட்டைப் பார்த்து அதையும் சரியாகத் திருத்தினேன். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டினேன் என்பதை உங்களிடம் அன்று ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள்தான் உங்களுக்குக் கோல் எடுத்தேன். நான் விஞ்ஞானம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் நீங்கள் ஆய்வுகூட உதவியாளர். பள்ளிக்கூடத்துக்குக் கணினிகள் வந்தபோது, ‘கண்ணாடிச் சாமானைப் பத்திரமாய்ப் பார்க்கிற ஆள்’ என்று அந்த அறையைப் பூட்டும் திறப்பையும் உங்களிடமே தந்தார்கள். திருத்த வந்தவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தே பழகினீர்கள். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் உங்களை அண்ணை என்பேன். நீங்கள் கடைசிவரை என்னை மாஸ்ரர் என்றுதான் அழைத்தீர்கள். எத்தனை முறை வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

குருநகரிலிருந்து நீர்வேலிக்கு அந்த வெயிலில் சைக்கிளில் வந்தீர்கள். பஸ்ஸில் வந்திருக்கலாமே என்றேன். “பஸ்ஸிலை வந்தா நீங்கள் தாற வாழைக்குலையை எங்கை கட்டுறது?” என்றீர்கள். சைக்கிள் கரியரில் கயிறும் ஆயத்தமாக இருந்தது.

கணினியின் முன்னால் உட்கார்ந்ததும் வேறு யாரும் உடனே சுட்டியைப் பிடிப்பார்கள். நீங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

“மாஸ்ரர், இதுக்குள்ளை போனால் திரும்பி வராத சாமான் என்ன இருக்கு?”

“ஒண்டுமில்லை அண்ணை.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“ஒண்டுமில்லை எண்டுறன்.”

“நல்லதாப் போச்சு. அப்ப எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்துவம். பத்து நிமிச வேலை” என்று சுட்டியில் கை வைத்தீர்கள்.

நான் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பிடித்தேன் என்பதே பிடித்த பிறகுதான் தெரிந்தது. நீங்கள் கோபிக்கவில்லை, சிரிக்கவுமில்லை. மெதுவாகக் கையை எடுத்தீர்கள்.

“அப்ப ஒண்டு இருக்கு” என்றீர்கள்.

சொன்னேன். கதலிக் குலையையும் நோர்வேப் பனியையும் பச்சைச் சேட்டையும் எல்லாம் சொன்னேன். முடிந்ததும் நீங்கள் எழுந்து போய்ச் சுவர் நாட்காட்டியில் முந்திய நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘அழிக்கக் கூடாது’ என்று எழுதி, என்னிடம் பிளாஸ்டர் துண்டு வாங்கித் திரையின் மேல் விளிம்பில் ஒட்டினீர்கள். ஆய்வுகூடத்தில் நீங்கள் செய்வது அதுதான். அமிலமோ, நீரோ, ஒரு பிடி மண்ணோ, முதலில் பெயர் எழுதி ஒட்டாமல் எந்தப் போத்தலையும் மேசையில் வைக்க விடமாட்டீர்கள். அந்தத் தாள் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. ஓரம் பழுத்துவிட்டது. எழுத்து மங்கவில்லை.

பிறகு கேட்டீர்கள், நான் என்னென்ன செய்தேன், எந்த ஒழுங்கில் செய்தேன் என்று. என்னென்ன என்பதைச் சொன்னேன். ஒழுங்கைச் சொல்ல முடியவில்லை.

“முப்பது வருசமாப் பிள்ளையளுக்கு என்ன சொன்னனீங்கள்? ஒரு நேரத்திலை ஒண்டை மட்டும் மாத்து, மிச்சத்தைத் தொடாதை எண்டு.”

“சொன்னனான்தான்.”

“நான் பின்னாலை நிண்டு கேட்டனான்.”

அண்ணை, அந்த ஒரு வரி எனக்கு எத்தனையோ பாடங்களுக்குச் சமம். நான் கரும்பலகைக்கு முன்னால் நின்று ‘கட்டுப்பாட்டுப் பரிசோதனை’ என்று எழுதிக்கொண்டிருந்த அத்தனை வருடமும் நீங்கள் கடைசி மேசைக்குப் பின்னால் துணியோடு நின்றீர்கள். நான் சொல்லிவிட்டு மணி அடித்ததும் போய்விடுவேன். சொன்னதைக் கேட்டு அதன்படி நடந்தவர் நீங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உதாரணம் இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். பயறு முளைக்கும் பரிசோதனை. ஒரு குழாயில் காற்றுப் போகாமல், கொதித்தாறிய நீருக்கு மேல் எண்ணெய் விட்டு வைப்போம். அதில் பயறு முளைக்கக் கூடாது. ஒரு வருடம் அது முளைத்துவிட்டது. பரீட்சை நெருங்கிய நேரம். நான் பிள்ளைகளிடம், “அதை விடுங்கோ. முளைக்கேல்லை எண்டு எழுதுங்கோ” என்றேன். எழுதினார்கள். அடுத்த நாள் ஆய்வுகூடத்துக்குப் போனால் அந்தக் குழாய் கழுவப்படாமல் நிற்கிறது. ‘முளைத்தது’ என்று பெயர் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் புதிதாக இரண்டு குழாய்கள். எண்ணெய்ப் படை ஓரிடத்தில் மெல்லிதாய் இருந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, ஒன்றில் எண்ணெயைக் கூட்டியும் மற்றதில் குறைத்தும் நீங்களே வைத்திருந்தீர்கள். “வராததும் ஒரு விடை, வந்ததும் ஒரு விடை. பொய்தான் மாஸ்ரர் விடையில்லை” என்றீர்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்தக் குழாய்களை வகுப்புக்கு எடுத்துப் போனபோதும், யார் வைத்தது என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

கணினிக்கு வருவோம். அது கடைசியாக எப்போது ஒழுங்காக வேலை செய்தது என்று கேட்டீர்கள். பூசைக்குத் துணி போர்த்துவதற்கு முதல் நாள் என்றேன்.

“துணி மட்டும்தான் போர்த்தனீங்களோ?”

“பிளக்கும் கழட்டினனான். மூண்டு நாள்.”

“ஓகோ” என்று தாளில் குறித்துக்கொண்டீர்கள். உடனே ஒரு முடிவுக்கும் வரவில்லை. உங்கள் கைபேசியில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்தீர்கள்; திறந்தது. ஆகவே இணைப்பில் பிழையில்லை என்று ஒரு கோடு. பிறகு கணினியில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்தீர்கள். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் உள்ள பக்கம் எதுவும் திறக்கவில்லை. எப்போதோ யாரோ செய்து கைவிட்ட, பூட்டில்லாத ஒரு பழைய பக்கம் மட்டும் உடனே திறந்தது.

“கண்டனீங்களே? பூட்டில்லாத வீட்டுக்குப் போகுது. பூட்டுப் போட்ட வீட்டு வாசலிலைதான் நிண்டு சண்டை பிடிக்குது. அப்ப வீட்டிலை பிழையில்லை, ரோட்டிலையும் பிழையில்லை. வாசலிலை காட்டுற அடையாள அட்டையிலைதான் ஏதோ கிடக்கு.”

ஒவ்வொரு பூட்டுப் பக்கத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதற்கு இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை என்று ஆயுள் உண்டு என்று விளக்கினீர்கள். மருந்துப் போத்தலில் அடித்திருப்பது போல. பிறகு திரையின் மூலையில் இருந்த மணிக்கூட்டைக் காட்டி, “இது சரியோ?” என்றீர்கள்.

“சரி. நான்தான் திருத்தினனான். என்ரை கைமணிக்கூட்டைப் பாத்து.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

நீங்கள் அதன் மேல் ஒருமுறை அழுத்தினீர்கள். சிறு நாட்காட்டி ஒன்று விரிந்தது. மணி சரி, நிமிடமும் சரி. ஆண்டு பன்னிரண்டு வருடம் பின்னால் நின்றது. சனவரி மாதம் மூன்றாந் திகதி.

நீங்கள் முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தீர்கள். முடியவில்லை. “மாஸ்ரர், மணியைத் திருத்தின நீங்கள் வருசத்தைப் பாக்கேல்லையே! உந்தப் பெட்டியின்ரை கணக்கிலை நீங்கள் இன்னும் பென்சன் எடுக்கேல்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, வெளிக்கிடுங்கோ!” நானும் சிரித்தேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். “அம்மாள் குடுத்தது மூண்டு நாள் லீவு. இவர் எடுத்தது பன்ரண்டு வருசம்!” என்றீர்கள்.

பிறகு உங்கள் சிரிப்பு நின்றது. எனக்கும் அதே நேரத்தில் அது தோன்றியிருக்கவேண்டும். அந்தப் பெட்டியின் கணக்கில் அவள் இன்னும் குசினியில் அடுப்படியில் நிற்கிறாள். நீங்கள் அதைச் சொல்லவில்லை. “மாஸ்ரர், ஒரு பிளேன்ரீ போடுங்கோவன்” என்றீர்கள். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொதிக்கும்வரை நின்றுவிட்டு வந்தேன். வந்தபோது ஆண்டு மாறவில்லை. எனக்காகக் காத்திருந்தீர்கள். “நீங்களே மாத்துங்கோ. உங்கடை வீடு” என்றீர்கள்.

மாற்றினேன். உலாவியை மூடித் திறந்தேன். சிவப்பு எழுத்து வரவில்லை. அவளுடைய வரைவுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நின்றன.

வேறு யாராயிருந்தாலும் அத்தோடு வாழைக்குலையைக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நீங்கள் கதிரையை விட்டு எழும்பவில்லை. மணிக்கூடு ஏன் பின்னால் போனது என்று இன்னும் தெரியாது என்றீர்கள். பெட்டிக்குள் காசளவில் ஒரு பற்றரி இருக்கும், மின்சாரம் இல்லாத நேரத்தில் திகதியை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது வலுவிழந்திருக்கலாம். ஓரிரு மணி நேரக் கரண்ட் வெட்டைத் தாங்கியிருக்கும், மூன்று நாளைத் தாங்கியிராது. “ஆனா அது என்ரை ஊகம். பெட்டியைத் திறந்து, மாத்தி, திரும்ப மூண்டு நாள் பிளக்கைக் கழட்டி வைச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

“திரும்பவும் கழட்டுறதோ?” என்றேன்.

“அதுக்கு முதல் இதைக் காப்பாத்துவம்” என்று அந்தத் தாளைத் தொட்டீர்கள். “இவ்வளவும் ஒரு நூலிலை தொங்குது மாஸ்ரர். நூல் நல்ல நூல்தான். எண்டாலும் ஒரு நூல்.”

வழி உங்களுடையதுதான். ஒவ்வொரு வரைவையும் அவள் கணக்கிலிருந்து என் முகவரிக்கு அனுப்பிவிடுவது. கேட்க எளிமை. ஆனால் என் கை ஓடவில்லை. ஏதாவது தவறாக அழுத்தி ஒன்று போய்விட்டால்? அதற்கும் உங்களிடம் ஆய்வுகூட வழி இருந்தது: பெறுமதியானதில் கை வைக்குமுன் பெறுமதியில்லாத ஒன்றில் செய்து பார். புதிய வெற்றுக் கடிதம் ஒன்றைத் திறந்தீர்கள். சுவரில் இருந்த அவளுடைய படத்தை நிமிர்ந்து பார்த்து, “தங்கச்சி, கோவிக்காதேங்கோ. உங்கடை பேரிலை ஒரு கடிதம் போடுறன்” என்றீர்கள். பிறகு ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடி ஏதோ அடித்து அனுப்பினீர்கள்.

என் சட்டைப் பையில் கைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தேன். அனுப்பியவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

“நான்தான் மாஸ்ரர் அனுப்பினனான். திறந்து பாருங்கோ” என்று நீங்கள் சொன்ன பிறகுதான் திறந்தேன். தலைப்பு: ‘சோதனை’. உள்ளே ஒரு வரி: ‘மாஸ்ரர் இது சோதனை. பயப்பிடாதேங்கோ.’

அதன் பிறகு கதிரையை என்னிடம் தந்துவிட்டு, நீங்கள் ஒரு முக்காலியை இழுத்து யன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி, வாழைத் தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தீர்கள். “நான் வாசிக்க மாட்டன். ஒவ்வொண்டும் போனதும் ‘ஓம்’ எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றீர்கள். நான் ஓம் என்பேன். நீங்கள் தாளில் ஒரு கோடு போடுவீர்கள். சிலவற்றுக்கு ஓம் வர நேரமெடுத்தது. நீங்கள் திரும்பவில்லை. பச்சைச் சேட்டு வந்தபோது நான் சிரித்துவிட்டேன். அப்போதும் திரும்பவில்லை, உங்கள் தோள் மட்டும் குலுங்கியது. நாற்பத்தொரு ஓம். கைபேசியில் எண்ணிப் பார்த்தோம். நாற்பத்தொன்று. அதன் பின்தான் குலை வெட்டப் போனோம்.

இரண்டு நாள் கழித்துப் புதிய பற்றரியோடு வந்தீர்கள். மாற்றிவிட்டு, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போனீர்கள். மூன்று நாள் கழித்து மீண்டும் வந்து, நீங்களே பிளக்கைப் போட்டு, முதலில் ஆண்டைப் பார்த்தீர்கள். சரியாக இருந்தது. “இப்ப இது ஊகமில்லை” என்றீர்கள். உங்கள் முகத்தில் அவ்வளவு நிறைவை நான் கண்டதில்லை. காசளவு பற்றரி ஒன்றுக்காக மூன்று முறை குருநகரிலிருந்து நீர்வேலிக்குச் சைக்கிள் மிதித்தீர்கள். “நல்ல பற்றரி எண்டாலும் பழைய பெட்டி. பூசைக்கு இனிப் பிளக்கைக் கழட்டாதேங்கோ” என்று அன்றுதான் சொன்னீர்கள்.

நீங்கள் போன இரண்டாம் மாதம் அது நடந்தது. ஒருநாள் காலை தேத்தண்ணீரோடு உட்கார்ந்தேன். அவளுடைய பக்கம் திறக்கவில்லை. கடவுச்சொல்லைக் கேட்டது. நான் எதையும் தொடவில்லை. உங்கள் முறையில் எல்லாம் பார்த்தேன். திகதி சரி, ஆண்டு சரி, மற்றப் பக்கங்கள் திறக்கின்றன. பிழை எங்கும் இல்லை. நெடுநாள் திறந்து கிடந்த கதவை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சாத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நூல் அறுந்துவிட்டது.

தேத்தண்ணீரைத் தள்ளி வைத்தேன். ஆனால் நிமிர்ந்தபோது திரையின் மேல் உங்கள் தாள். என் சொந்தக் கணக்கைத் திறந்தேன். நாற்பத்தொன்றும் இருந்தன. அன்றைக்குரியதை வாசித்தேன். தேத்தண்ணீர் ஆறுவதற்கு முன் வாசித்து முடித்தேன். அண்ணை, அந்தக் காலை எனக்கு எப்படிப் போயிருக்கக்கூடும், எப்படிப் போனது என்பதற்கு இடையில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அதைச் சொல்லத் தொலைபேசியை எடுத்து, உங்கள் பெயர்வரை போய்விட்டு வைத்தேன்.

ஆவணியில் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். என் அஞ்சல் பெட்டி குப்பையாகக் கிடக்கிறது என்று துப்புரவு செய்ய உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். விளம்பரங்களை மளமளவென்று அழித்துக்கொண்டு போனவள், “அப்பா, அம்மான்ரை பேரிலை ‘சோதனை’ எண்டு ஏதோ ஒண்டு கிடக்கு. ரெஸ்ற் மெயில் போலை. அழிக்கட்டே?” என்றாள்.

பயற்றங்காய் நிலத்தில் சிதறிவிட்டது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

“என்னப்பா?” என்று திகைத்துப் பார்த்தாள். அன்று உங்களுக்குச் சொன்னதை எல்லாம் அவளுக்கும் சொன்னேன். தன் தாய் தனக்கு அனுப்பாமல் வைத்த கேள்விகளை அவள் அன்றுதான் வாசித்தாள். பனியைப் பற்றிய கேள்விக்கு, “வழுக்கும் அம்மா” என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். நாற்பத்தொன்றையும் தனக்கும் அனுப்பச் சொன்னாள். அனுப்பினோம். அவள் கேட்காமலே நாற்பத்திரண்டாவதாக அந்தச் சோதனையையும் சேர்த்து அனுப்பினேன். இப்போது அவை இரண்டு நூலில் தொங்குகின்றன. உங்களுக்கு அது பிடிக்கும்.

போன கிழமை மகள் நோர்வேயிலிருந்து கோல் எடுத்து, தன் கைபேசி அடிக்கடி நின்று போகிறது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கப் போவதாகச் சொன்னாள். என் வாயில் முதலில் வந்தது உங்கள் கேள்விதான். போனால் திரும்பி வராதது அதற்குள் என்ன இருக்கிறது? “பொறுங்கோ அப்பா, பாத்திட்டுச் சொல்லுறன்” என்றாள்.

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு அப்படிக் கேட்கத் தெரிந்திருக்கவில்லை. பரிசளிப்பு விழாக்களில் மேடையேறி எத்தனையோ பேருக்கு நன்றி வாசித்திருக்கிறேன். அந்தத் தாள்களில் உங்கள் பெயர் ஒருமுறையும் இருந்ததில்லை.

என் அஞ்சல் பட்டியலில் அவளுடைய நாற்பத்தொன்றுக்கும் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில், அந்தச் சோதனை இருக்கிறது. நீங்கள் எனக்கு எழுதிய ஒரே கடிதம் அது. அதுவும் என் மனைவியின் பெயரில். இன்று பூசை முடிந்ததும் அதைத் திறந்து வாசித்தேன். பிறகு சந்தனக் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கக் கண்டு, திரையில் ஒட்டிய உங்கள் தாளின் மூலையிலும் ஒரு பொட்டு வைத்தேன். “எனக்கேன் மாஸ்ரர் இது?” என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். எழுத்தில் படாமல்தான் வைத்தேன்.